ஐராவதி கார்வே கட்டிய துறையும் நம் ஊரில் காத்திருக்கும் வேலையும்

விருதுநகர் வட்டாரத்தில் எந்தப் பள்ளி, கல்லூரியின் விழா மலரைப் புரட்டினாலும் முதல் கட்டுரையின் போக்கு நமக்குப் பழகியதுதான். நிலம் கொடுத்தவர், மகமைப் பணம் ஒதுக்கிய உறவின்முறைச் சங்கம், அடிக்கல் நாட்டிய நாள், கட்டடத்தின் படம். அந்தப் பெருமை நியாயமானது. 1889இல் விருதுபட்டியாக இருந்த ஊரில் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கி நடத்தியவர்கள் அரசாங்கத்தின் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. வணிகர்கள் வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாகக் கொடுத்தார்கள். வீடுகளில் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடியை எடுத்துத் தனியாக வைத்தார்கள். அந்தப் பிடி அரிசியைச் சேர்த்து விற்ற பணமும் பள்ளிக்குப் போனது. காமராசர் படித்தது அந்தப் பள்ளியில்தான்.

மகமை கொடுத்தவர்களின் பெயர் கணக்கேட்டில் இருக்கிறது, கல்வெட்டில் இருக்கிறது. அரிசியை எடுத்து வைத்த பெண்களின் பெயர் எங்கே இருக்கிறது? அடுப்படியில் நடந்ததும் கடைவீதியில் நடந்ததும் ஒரே வரலாற்றின் இரண்டு பக்கங்கள் என்று எடுத்துக்கொண்டு விசாரிக்கிற ஒரு படிப்பு உண்டு. அதுதான் மானிடவியல். இந்தியாவில் அந்தப் படிப்பைத் தொழிலாகக் கொண்டு, ஒரு துறையையே நிறுவி நடத்திய முதல் பெண் ஐராவதி கார்வே. புணேயில் வாழ்ந்து மறைந்த அவரைப் பற்றி இந்த மலரில் எழுத எனக்குக் காரணம் இருக்கிறது. அவர் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த விஷயங்கள் உறவுமுறை, சாதி, சந்தை, இடம்பெயர்ந்த மக்கள். சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பகுதியில் பிறந்த எவருக்கும் இவை அன்னியமானவை அல்ல.

1905 டிசம்பர் 15 அன்று பர்மாவில், மியிங்யான் என்ற ஆற்றங்கரை ஊரில் அவர் பிறந்தார். தந்தை கணேஷ் ஹரி கர்மார்கர் அங்கே ஒரு பருத்தி நிறுவனத்தில் வேலை பார்த்தார். மகளுக்கு அந்த ஆற்றின் பெயரையே வைத்தார்கள். ஏழு வயதில் படிப்புக்காகப் புணே ஹுசூர்பாகா பெண்கள் பள்ளி விடுதிக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஃபெர்குசன் கல்லூரி முதல்வர் பராஞ்ச்பேயின் மகள் சகுந்தலா தோழியானாள். பராஞ்ச்பே குடும்பம் ஐராவதியைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டது. புத்தகங்களும் விவாதமும் நிறைந்த அந்த வீடுதான் அவரை உருவாக்கியது.

1926இல் ஃபெர்குசன் கல்லூரியில் தத்துவத்தில் பட்டம் பெற்றார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் ஜி.எஸ். குர்யேயிடம் சமூகவியல் படித்து, தாம் பிறந்த சித்பாவன் பிராமணர்களைப் பற்றியே ஆய்வேடு எழுதி 1928இல் முதுகலை முடித்தார். இதற்கிடையே தினகர் கார்வேயை மணந்தார். வேதியியல் ஆசிரியரான தினகர், கைம்பெண் மறுமணத்துக்கும் பெண் கல்விக்கும் உழைத்து, 1916இல் பெண்களுக்கான பல்கலைக்கழகத்தைத் தொடங்கிய தோண்டோ கேசவ் கார்வேயின் மகன். மேற்படிப்புக்கு ஜெர்மனி போக வேண்டும் என்று ஐராவதி கேட்டபோது அந்த மாமனாரே சம்மதிக்கவில்லை. ஊர்ப் பெண்களைப் படிக்கவைத்த பெரியவருக்குத் தம் வீட்டு மருமகள் கடல் தாண்டிப் போவது வேறு விஷயமாகப்பட்டது. கணவர் உறுதியாக நின்றார். காங்கிரஸ்காரரான ஜீவராஜ் மேத்தா கடன் கொடுத்தார். ஐராவதி கப்பல் ஏறினார்.

பெர்லினில் நடந்ததைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கைசர் வில்ஹெல்ம் மானிடவியல் நிறுவனத்தில் அவருக்கு வழிகாட்டி ஆய்கன் ஃபிஷர். இனங்களை உயர்வு தாழ்வாக அடுக்கியவர். பின்னாளில் நாஜி ஆட்சியின் இனக் கொள்கைக்கு அறிவியல் முலாம் பூசியவர்களில் ஒருவர். ஐரோப்பியரின் மண்டையோடு இருபுறமும் சமமில்லாமல் இருக்கும், அதுவே அவர்களின் கூடுதல் அறிவுக்கு அடையாளம் என்பது அவருடைய கருத்து. அதைச் சோதிக்கும் வேலை மாணவிக்குக் கொடுக்கப்பட்டது. ஐராவதி 149 மண்டையோடுகளை ஒவ்வொன்றாக அளந்தார். இனத்துக்கும் அந்த ஏற்றத்தாழ்வுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று முடிவு வந்தது. வந்ததை வந்தபடியே எழுதிக் கொடுத்தார். ஆசிரியர் குறைந்த மதிப்பெண் போட்டார். இருந்தும் பட்டம் கிடைத்தது. 1930இல் ஊர் திரும்பினார்.

இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத பெண். கடன் வாங்கிப் போன இடம், பேசுவது அன்னிய மொழி, மதிப்பெண் போடுவது அந்தப் பேராசிரியர். கொஞ்சம் வளைத்து எழுதியிருந்தால் கேட்பார் யாருமில்லை. அவருடைய பிற்கால நூல்களில் எனக்கு மாறுபாடு உண்டு, கீழே சொல்கிறேன். ஆனால் அந்த 149 மண்டையோடுகளுக்கு முன்னால் அவர் நின்ற நிலைக்காகவே அவரை நம் மாணவியருக்குச் சொல்லித் தர வேண்டும் என்பேன்.

ஊர் திரும்பியதும் ஆய்வுப் பணி கிடைக்கவில்லை. 1931 முதல் 1936 வரை பம்பாயில் பெண்கள் பல்கலைக்கழகப் பதிவாளராக நிர்வாக வேலை பார்த்தார். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

அவருக்கான இடம் 1939இல் வாய்த்தது. டெக்கான் கல்லூரி பழைய நிறுவனம். பேஷ்வாக்கள் அந்தணப் புலவர்களுக்கு ஆண்டுதோறும் வழங்கி வந்த தட்சிணை நிதியிலிருந்து, எல்பின்ஸ்டன் பம்பாய் ஆளுநராக இருந்த 1821இல் இந்துக் கல்லூரியாகத் தொடங்கியது. 1864இல் டெக்கான் கல்லூரி என்ற பெயர் பெற்றது. ஜம்செட்ஜி ஜீஜீபாய் குடும்பத்தின் கொடையில் எரவாடாவில் கட்டடம் எழுந்தது. பண்டார்கர், திலகர் போன்றோர் நடமாடிய கல்லூரி அது. 1934இல் பம்பாய் அரசு அதை மூடியது. பழைய மாணவர்கள் விடவில்லை. நீதிமன்றம் வரை போய்ப் போராடினார்கள். 1939 ஆகஸ்ட் 17 அன்று அது முதுகலை ஆராய்ச்சி நிறுவனமாக மறுபடி திறந்தது. மொழியியலுக்குக் காத்ரே, தொல்லியலுக்குச் சங்காலியா, சமூகவியலுக்கு ஐராவதி கார்வே என்று ஆட்கள் சேர்ந்தார்கள். 1970 ஆகஸ்ட் 11 அன்று மறையும் வரை கார்வேயின் இடம் அதுதான்.

சமூகவியல் என்று பெயர் இருந்தாலும், தலையளவு எடுக்கும் கருவியும் இரத்த மாதிரிக் குப்பிகளும் உறவுப்பெயர்ப் பட்டியலும் பழங்கதைகளும் ஒரே துறைக்குள் அடங்கின. சங்காலியாவோடு சேர்ந்து குஜராத்தின் லாங்நாஜில் கற்கால எலும்புக்கூடுகளைத் தோண்டி எடுத்து ஆராய்ந்தார். பஸ்ஸிலும் மாட்டு வண்டியிலும் நடையாகவும் ஊர் ஊராகப் போனார். பில் பழங்குடியினரிடம் போனார், குருபர்களிடம் போனார், குடகுக்கும் மலபாருக்கும் போனார். 1947இல் டெல்லியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் மானிடவியல் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். புணேப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் துறை உருவாகவும் அவரே காரணம்.

புணே நகரில் முதலில் ஸ்கூட்டர் ஓட்டிய பெண் என்று அவரைச் சொல்வார்கள். தாலியும் குங்குமமும் அணியவில்லை. கணவரைப் பெயர் சொல்லியே அழைத்தார், பிள்ளைகளும் அவரை ‘இரு’ என்றே கூப்பிட்டார்கள். இவை சுவையான செய்திகள்தான். ஆனால் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் ஸ்கூட்டரோடு நின்றுவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர் ஏறிப் போன இடங்களில் என்ன கேட்டார் என்பதுதான் பெரிது.

அப்படிக் கேட்டதிலிருந்து பிறந்தது 1953இல் வெளிவந்த அவருடைய இந்திய உறவுமுறை அமைப்பு பற்றிய நூல். நாட்டை வடக்கு, நடு, தெற்கு, கிழக்கு என்று நான்கு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மொழியிலும் யார் யாரை எப்படி அழைக்கிறார்கள், யார் யாரைக் கட்டிக்கொள்ளலாம், யாரைக் கூடாது என்று பட்டியலிட்டார். வட இந்தியாவில் பெண்ணைத் தெரியாத ஊருக்கு, உறவே இல்லாத குடும்பத்துக்குக் கொடுப்பார்கள். பிறந்த ஊரில் அவள் மகள், முகம் திறந்து திரியலாம். புகுந்த ஊரில் அவள் மருமகள், முக்காடு போட வேண்டும். தெற்கே அத்தை மகன், மாமன் மகன், தாய்மாமன் என்று தெரிந்த முகத்துக்கே கொடுக்கிறார்கள். மாமியாரும் அத்தைதான், மாமனாரும் மாமாதான். கல்யாணத்துக்கு முன்னாலேயே அந்த வீட்டு அடுப்படி அவளுக்குப் பழக்கம். இந்த வேறுபாட்டை அவ்வளவு தெளிவாக எழுதியவர்கள் அவருக்கு முன் குறைவு.

அண்ணன், தம்பி, அக்காள், தங்கை என்று நாம் மூத்தவரையும் இளையவரையும் பிரித்தே அழைக்கிறோம். அக்காள் மகளைத் தம்பி கட்டலாம், தங்கை மகளை அண்ணன் கட்டும் பேச்சு எழாது. இப்படிப்பட்ட மணங்களால் தலைமுறைகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அதனால் தெற்கத்தி உறவுமுறை தலைமுறையைவிட வயதின் மூப்பு இளமையை வைத்தே அடுக்கப்பட்டிருக்கிறது என்றார் கார்வே. அதே 1953இல், மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளரிடையே தங்கி ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் லூயி டுமோன், திராவிட உறவுப்பெயர்கள் எல்லாமே கொள்வினை கொடுப்பினையின் வெளிப்பாடு என்று எழுதினார். உலகப் பல்கலைக்கழகங்களில் டுமோன் பக்கமே காற்று வீசியது. இருவரும் பேசியது நம் வீட்டுக் கல்யாணங்களைப் பற்றித்தான். அந்த விவாதத்தில் நம் வீட்டுப் பெண் ஒருத்தியின் குரல் இல்லை.

இருந்திருந்தால் அவள் ஒன்றைக் கூடுதலாகச் சொல்லியிருப்பாள். தெரிந்த வீடு என்பது ஆறுதல், உண்மை. அதே தெரிந்த வீட்டு முறைமாமனை வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதும் உண்மை. அம்மாவும் பாட்டியும் எதிர்ப்பக்கம் நிற்பார்கள். மறுத்தால் இரண்டு வீட்டுப் போக்குவரத்தும் அறுந்துபோகும். வடக்கத்திப் பெண்ணின் தனிமையைப் பார்த்து மனம் நொந்த கார்வே, தெற்கத்திப் பெண்ணின் இந்த நெருக்கடிக்குப் போதிய இடம் கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

1961இல் வந்த இந்து சமூகம் பற்றிய நூலில் அவர் சாதியை விரிந்த உறவுக் கூட்டமாக விளக்கினார். குயவர் என்று ஒரே தொழிற்பெயரில் வழங்கினாலும் மகாராஷ்டிரத்தில் அவர்களுக்குள் பெண் கொடுத்து வாங்காத பல தனிக் கூட்டங்கள் உண்டு. ஒன்று உடைந்து பலவாகவில்லை, முதலிலேயே பலவாக இருந்தவை ஓரிடத்தில் அடுக்கப்பட்டன என்று தம் ஆசிரியர் குர்யேயையே மறுத்தார். துணிச்சலான கருத்து. ஆனால் அதற்குச் சான்றாக உடலளவுகளையும் இரத்தப் பிரிவுகளையும் அவர் நம்பிய அளவுக்கு இன்று யாரும் நம்ப மாட்டார்கள். பெர்லினில் ஆசிரியரின் முடிவைத் தள்ளியவர், அங்கே கற்ற அளவுக் கருவியை மட்டும் கடைசிவரை கைவிடவில்லை. சாதியின் கொடுமையைக் கருவியால் அளக்க முடியாது.

கொடுமை அவர் கண்ணில் படாமல் இல்லை. பண்டரிபுர யாத்திரையில் வார்காரிகளோடு நடந்து எழுதிய கட்டுரையில், ஒரே விட்டலனைப் பாடிக்கொண்டு ஒரே பாதையில் போகிறவர்கள் சாப்பாட்டு வேளையில் சாதிவாரியாகப் பிரிந்து சமைத்து உண்பதை எழுதினார். நம் பக்கத்தில் இருக்கன்குடிக்கும் திருச்செந்தூருக்கும் நடந்து போகிறவர்கள் அந்தக் கட்டுரையை வாசித்தால் தங்கள் பாதையையே வேறு கண்ணால் பார்ப்பார்கள்.

மராத்தி மக்கள் அவரை அதிகம் அறிந்தது ‘யுகாந்த’ மூலம். மகாபாரதத்துக் காந்தாரியையும் குந்தியையும் திரௌபதியையும் தெய்வத்தன்மை கலைத்து, கோபமும் ஏமாற்றமும் உள்ள மனிதர்களாக நிறுத்திய நூல். சாகித்திய அகாதெமி விருது பெற்றது. மானிடவியல் தெரிந்த ஒருவர்தான் அதை எழுதியிருக்க முடியும். குந்தியைப் பற்றிப் பேசும்போதும் கொடுத்த வீடு எது, எடுத்த வீடு எது என்று அவர் கேட்டுக்கொண்டேயிருக்கிறார்.

நம் வட்டாரத்துக்கு நெருக்கமான அவருடைய வேலைகள் கடைசிப் பத்தாண்டில் வந்தவை. ஃபல்டன் என்ற வளரும் சிறுநகரைப் பற்றி 1965இல் ஓர் ஆய்வு. வாரச் சந்தைகளைப் பற்றி 1970இல் இன்னொன்று. கொய்னா அணையால் ஊர் இழந்தவர்களைப் பற்றி மகள் ஜெய் நிம்ப்கரோடு சேர்ந்து 1969இல் மற்றொன்று. அணையைப் பற்றிக் கட்டியவர்கள் எழுதினார்கள். வெளியேறியவர்கள் எங்கே போனார்கள், என்ன நிலம் கிடைத்தது, சொந்தபந்தம் எப்படிச் சிதறியது என்று கேட்கத் தாயும் மகளும் போனார்கள். மறுவாழ்வு சரியாக நடக்கவில்லை என்பதை அந்த அறிக்கை சொன்னது.

அவர் போனபின் துறை நிலைக்கவில்லை. இன்று டெக்கான் கல்லூரியில் தொல்லியல், மொழியியல், சமஸ்கிருத அகராதியியல் ஆகிய துறைகள் இருக்கின்றன. சமூகவியலும் மானிடவியலும் இல்லை. கட்டடமும் நிதியும் இருந்தும் ஒரு துறை ஓர் ஆளோடு முடிந்துபோகும் என்பதற்கு அது சாட்சி. நூல்கள் நிற்கின்றன.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 1951 முதல் 1953 வரை தஞ்சை மாவட்டக் கிராமங்களில் தங்கி ஆராய்ந்த காத்லீன் கஃப் இங்கிலாந்தில் பிறந்தவர். நம் பகுதியின் ஆறு ஊர்களான சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தூர், பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகியவற்றில் வண்டிப் பேட்டையும் மகமையும் உறவின்முறையும் வளர்ந்த கதையை 1969இல் புத்தகமாக்கிய ராபர்ட் ஹார்ட்கிரேவ் அமெரிக்கர். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனாலும் ஹார்ட்கிரேவ் போன்ற வெளியூர் ஆண் ஒருவரிடம் வீட்டுக்குள்ளிருக்கும் பெண் எவ்வளவு பேசியிருப்பாள்?

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை ஊரில் குழந்தைக்கும் தெரியும். அவர்கள் கொண்டுவந்த தொழிலைக் கையால் நடத்தியவர்கள் பெண்கள். சட்டத்தில் குச்சி அடுக்கினார்கள். வீட்டு நடையில் கால் நீட்டி உட்கார்ந்து, மரச்சில்லை மடித்து, நீலத்தாளில் மாவுப் பசை தடவி அடிப்பெட்டியும் மேல்பெட்டியும் ஒட்டினார்கள். குரோஸ் கணக்கில் கூலி வாங்கினார்கள். பசை காய்வதற்குள் அடுத்த பெட்டிக்குப் போகும் அந்த விரல்களின் வேகத்துக்கிடையே கல்யாணப் பேச்சு நடந்தது, சீட்டுப் பணம் கைமாறியது, மகளைப் பள்ளிக்கு அனுப்புவதா தீப்பெட்டி ஆபீஸுக்கு அனுப்புவதா என்பது முடிவானது. இயந்திரம் வந்தபின் மரச்சில்லுப் பெட்டியே போய்விட்டது. ஒட்டத் தெரிந்த கைகளுக்கு வயதாகிவிட்டது.

குழந்தை உழைப்பு குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதற்கு முன்னும் பின்னும் சிவகாசியைப் பற்றி எத்தனையோ அறிக்கைகள் வந்தன. விடியுமுன்னே தூக்கக் கலக்கத்தில் கம்பெனி பஸ் ஏறிய சிறுமி அந்த அறிக்கைகளில் ஓர் எண். அவளுக்கு இன்று நாற்பது, ஐம்பது வயது இருக்கும். பேரன் பேத்தி எடுத்திருப்பாள். அவள் வாயிலிருந்தே அந்தக் காலத்தைக் கேட்டு எழுத வேண்டும். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்து நடந்த அன்று நாடே திரும்பிப் பார்த்தது. அதற்குப் பின்னும் விபத்துகள் நின்றபாடில்லை. கொய்னாவில் கார்வே கேட்ட கேள்வி இங்கேயும் பொருந்தும். நிவாரணப் பணம் யார் கைக்குப் போனது? கைம்பெண்ணான மருமகள் எந்த வீட்டில் இருக்கிறாள்? பிள்ளைகள் படிப்பைத் தொடர்ந்தார்களா? தாய்மாமன் வீடு தாங்கியதா?

விருதுநகரிலும் சிவகாசியிலும் 1960களிலேயே மகளிர் கல்லூரிகளைத் தந்த சமூகம் இது. அங்கே படிக்கும் மாணவியரிடம் ஒரு வேண்டுகோள். கார்வேக்குக் கப்பலும் கடனும் தேவைப்பட்டன. உங்களுக்கு ஒரு நோட்டும் கைபேசியும் போதும். வருகிற விடுமுறையில் உங்கள் பாட்டியிடமோ அடுத்த வீட்டு ஆச்சியிடமோ உட்காருங்கள். பிடி அரிசி எந்தப் பானையில் போட்டார்கள், யார் வந்து வாங்கிப் போனார்கள் என்று கேளுங்கள். முதல் கூலி எவ்வளவு, அதை யார் கையில் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். யாருக்குப் பேசி யாரைக் கட்டினார்கள், அதில் அவர்கள் சம்மதம் கேட்கப்பட்டதா என்று கேளுங்கள். சொல்ல விரும்பாததை வற்புறுத்த வேண்டாம். சொன்னதை அவர்கள் பேச்சிலேயே, திருத்தாமல் எழுதுங்கள். பெயர் வெளியே வரலாமா என்பதை அவர்களிடமே கேட்டு, எந்த ஊர், எந்தத் தேதி என்று குறித்து, ஒரு பிரதியை உங்கள் கல்லூரி நூலகத்தில் சேர்த்துவிடுங்கள்.